கடல் கடந்த தர்மம்





விடுமுறைக்கு ஊர் வரும் நம் பிள்ளைகளில் சிலர், உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மத்துக்குப் பந்தி போடுவதற்கு முன்னால், தாங்கல் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, வீடும் கட்டியாயிற்று. ஆனாலும் எதற்காக இந்தப் பிறவி என்று விளங்கவில்லை. ஆப்பிரிக்காவிலோ வேறெங்கோ ஓர் ஏழை நாட்டுக்குப் போய்க் கொஞ்ச காலம் தொண்டு செய்தால் மனசு நிறையுமா என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். செவிலியர், பொறியாளர், கப்பலில் வேலை பார்ப்பவர். விளையாட்டாகக் கேட்கிற கேள்வி இல்லை இது. சிலருக்குக் கேட்கும்போதே குரல் அடைத்துக்கொள்கிறது.

பெரியவர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருவர், "இங்கே இல்லாத ஏழையா? பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கஞ்சி ஊற்றாமல் கடல் தாண்டி எதற்குப் போகணும்?" என்பார். இன்னொருவர், "போ மக்கா, தர்மம் எங்கே செய்தாலும் தர்மம்தான்" என்பார். இரண்டிலும் நியாயம் உண்டு, இரண்டிலும் அவசரமும் உண்டு. அந்தப் பிள்ளை கேட்டது இடத்தைப் பற்றி இல்லையே. என் மனசு நிறைவதற்காக நான் பிறருக்குச் செய்வது தர்மமா என்பதல்லவா உள்ளே கிடக்கிற கேள்வி? தாழக் கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று அய்யா நமக்குக் காட்டித் தந்தார். அதில் கிடப்பவரைப் பற்றிப் பேச்சு உண்டு. தாங்குகிறவருக்கு என்ன கிடைக்கும் என்ற பேச்சு அங்கே இல்லை. அப்படியானால் நிறைவைத் தேடிப் போவதே பிழையா?

இதற்கு விடை தேட நாம் ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். நாகர்கோவிலில் பஸ் மாறினால் நெய்யூர். அங்கே ஒரு மனிதர் கடல் கடந்து வந்து இதே கேள்விக்குள் வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்.

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் என்பது அவர் பெயர். நம் வீட்டுப் பாட்டிமார் பலருக்கு அது கேட்ட பெயராகத்தான் இருக்கும். காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியே அவர் பெயரில் நடக்கிறது. 1890இல் இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தவர். காலணி செய்து விற்கும் வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில் மருத்துவம் பயின்றார். படம் வரைவார், இசை தெரிந்தவர், மலை ஏறுவதில் பித்து. இவ்வளவும் ஒருவருக்கே வாய்த்தால் அவருக்கு வாழ்க்கையில் என்ன குறை என்றுதான் நாம் கேட்போம்.

முதல் உலகப் போரில் அவரைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். 1916 ஜூலையில் சோம் ஆற்றங்கரைப் போர் தொடங்கியபோது, ஒரு கூடாரத்தில் நான்கே அறுவை மருத்துவர்கள். அவர்களில் இவர் ஒருவர். வெளியே திறந்த வெளியில் தூக்குப் படுக்கைகளில் நூற்றுக்கணக்கில் காயம்பட்டவர்கள். யாரை உள்ளே எடுப்பது, யாரை விடுவது என்று நடந்தபடியே தீர்மானிக்க வேண்டும். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் பிழைக்க வழியில்லாதவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுவாராம். என்னை முதலில் பார் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. போர் முடிந்து வரும்போது, போரே கூடாது என்ற மனிதராக வந்தார்.

அதன் பிறகு 1922இல் எவரெஸ்ட் ஏறப் புறப்பட்ட பிரிட்டிஷ் குழுவில் சேர்ந்து இமயத்துக்கு வந்தார். அந்த ஆண்டு ஜூன் 7ஆம் நாள் நடந்ததை நம் பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும். மேலே ஏறிக்கொண்டிருந்த அணியின் மேல் பனி சரிந்தது. சுமை தூக்கி வந்தவர்களில் ஏழு பேர் இறந்துபோனார்கள். வெள்ளைக்காரர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறந்தவர்களோடு எங்களில் ஒருவராவது கிடந்திருக்கக் கூடாதா என்று சோமர்வெல் துடித்திருக்கிறார்.

ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிற நாட்டுக்குப் போய்த் தன் பிறவிக்கு அர்த்தம் தேடுகிறவனுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை இல்லை. மலையுச்சி யாருடைய ஆசை? சுமை யாருடைய முதுகில்? சாவு யாருடைய வீட்டில்? அந்த ஏழு பேருக்கும் அந்தச் சிகரத்தின் மேல் ஒரு தேடலும் இருந்ததாகத் தெரியவில்லை. கூலிக்கு வந்தவர்கள். ஒருவருடைய தேடலை இன்னொருவர் சுமக்கும்படி ஆகிவிடுகிறது. மலைக்கு மட்டுமல்ல, தொண்டு என்ற பெயரில் நடக்கும் பல பயணங்களுக்கும் இது பொருந்தும். அதற்குப் பிறகு வருகிறேன்.

மலையிலிருந்து இறங்கியவர் உடனே ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று வடக்கே இருந்து தெற்கே கன்னியாகுமரி வரை வந்தார். கவனியுங்கள், தொண்டு செய்ய வரவில்லை. ஊர் பார்க்க வந்தவர். வந்த இடத்தில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே ஒரே ஒரு அறுவை மருத்துவர் தவித்துக்கொண்டிருக்கிறார். வெளியே முடிவில்லாத வரிசை. சோமர்வெல் கைகொடுக்க உள்ளே நுழைந்துவிட்டார். இங்கிலாந்தில் காத்திருந்த நல்ல பதவியை விட்டுவிட்டு, இனி இங்கேதான் என்று முடிவு செய்தார். 1924இல் இன்னொரு முறை எவரெஸ்ட் போனார் என்பது உண்மை. மலை ஆசை அவரை விடவில்லை. அந்தத் தடவை ஆக்சிஜன் இல்லாமல் எட்டாயிரத்து ஐந்நூறு மீட்டரை ஒட்டிப் போனவர், இறங்கும் வழியில் தொண்டை அடைத்துச் சாகும் நிலைக்குப் போய் மீண்டார். அதே பயணத்தில், மேலே பனிச்சரிவில் மாட்டிக்கொண்ட நான்கு சுமைகாரர்களை மீட்க மல்லோரி, நார்ட்டன் ஆகியோரோடு ஏறிப் போய், கயிற்றின் நுனியில் தான் நின்று அவர்களை இழுத்து வந்தவரும் அவர்தான். 1922ஐ மறக்கவில்லை என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். பிறகு நெய்யூரில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு. குடற்புண் அறுவையில் கைதேர்ந்தவர் என்று பெயர் வாங்கினார். வயிற்று வலி என்றால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு நெய்யூருக்குப் போன தலைமுறை ஒன்று நம் குடும்பங்களில் இருந்தது.

பிரான்சில் பார்த்ததும் ஒரு வரிசை, நெய்யூரில் பார்த்ததும் ஒரு வரிசை. அங்கே அரசாங்கம் உத்தரவு போட்டு நிறுத்தியது. இங்கே யாரும் நிறுத்தவில்லை. ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வண்டி ஏறியிருக்கலாம். பிறவிப் பயனைத் தேடி அவர் நெய்யூருக்கு வரவில்லை. கண் முன்னே கிடந்தவரைக் கடந்து போக முடியவில்லை, அவ்வளவே. பயன் பின்னால் வந்தது. அந்தப் பிள்ளைகளிடம் நான் சொல்ல விரும்புவது இந்த வரிசை முறையைத்தான். நிறைவு வருவது பிழையில்லை, அது வரத்தான் செய்யும். அதை வாங்குவதற்காக ஓர் ஏழையைத் தேடிப் போகும்போதுதான் ஏழை கடைச் சரக்காகிவிடுகிறார்.

இந்த இடத்தில் ஒரு பெரியவர் எழுந்து மறுப்பார், மறுக்கவும் வேண்டும். "வந்தவர் லண்டன் மிஷன்காரர். அந்த மிஷன் அறிக்கைகளில் நம் வழியைத் தங்களுக்குத் தடை என்று எழுதியவர்கள் அவர்கள். அகிலத்திரட்டில் வெண்ணீசன் என்று வருவதைப் படித்துவிட்டா இவரைப் பேசுகிறாய்?" என்பார். எழுதியது உண்மை. அந்த ஆஸ்பத்திரி தங்கள் சமயத்தைப் பரப்பவும் நடத்தப்பட்டது என்பதை அவர்களே மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன்: நெய்யூரில் அந்த மருத்துவப் பணியை ராம்சே என்ற மருத்துவர் தொடங்கியது 1838இல். அதே ஆண்டின் கடைசியில்தான் நம் அய்யாவைத் திருவிதாங்கூர் அரசு சிறைப்பிடித்துத் திருவனந்தபுரத்தில் அடைத்தது. ஒரே மண்ணில், ஒரே ஆண்டில் இரண்டும் நடந்தன. இந்த மக்கள் அப்போது எவ்வளவு தாழக் கிடந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கிடந்தவர்களைத் தூக்க யார் கை நீட்டினார்கள் என்பதை எழுதி வைக்கும்போது, கைக்கு உரியவரின் சமயத்தைக் கேட்டுவிட்டு எழுதுவது நமக்கு அழகில்லை. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியையும் ஒன்றாகத் தண்ணீர் இறைக்க வைத்தவரின் மக்கள் நாம். வெண்ணீசன் என்று அகிலம் சொன்னது ஆள வந்த அநீதியை என்பதே என் புரிதல். தோலின் நிறத்தை அல்ல.

ஆனாலும் பெரியவரின் மறுப்பில் ஒரு முள் மிச்சம் இருக்கிறது. உள்நோக்கம் கலந்த தர்மம் தர்மமா? இதற்கு நான் வெளிநாட்டைப் பார்ப்பதில்லை, நம் தாங்கல்களைப் பார்க்கிறேன். டியூப் லைட்டில் 'உபயம்' என்று பெயர் எழுதி, பாதி வெளிச்சத்தை எழுத்தே மறைத்துவிடுகிற ஊர் இது. கலப்பே இல்லாத மனசோடு கொடுத்தவர் என்று நம்மில் யாரைக் காட்டுவது? ஆனால் எல்லாக் கலப்பும் ஒன்றல்ல. வாங்குகிறவர் உன் நோக்கத்துக்கு இணங்கினால்தான் கொடுப்பேன் என்றால், அது வியாபாரம். அதில் விலை இருக்கிறது. காணிக்கை கேட்காதவர் அய்யா. தர்மத்துக்கு விலை வைக்கக் கூடாது என்பதை இதைவிட எளிமையாக யாரும் காட்டவில்லை. அந்த விலை பணமாகத்தான் இருக்கணும் என்றும் இல்லை. நன்றியும் விலைதான். கூட நின்று எடுக்கிற போட்டோவும் விலைதான்.

போட்டோ என்றதும் கம்போடியா நினைவுக்கு வருகிறது. போரில் சிதைந்த நாடு அது. பார்க்கப் போகிறவர்களின் மனசு இளகும். 2005க்கும் 2010க்கும் நடுவே அங்கே அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 154இலிருந்து 269 ஆகிவிட்டது. அனாதைகள் பெருகிவிட்டார்களா என்று பார்த்தால் இல்லை. அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்று ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் 2011இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பிறகு எதற்கு அத்தனை இல்லங்கள்? வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் பிள்ளைகளோடு இருந்து அன்பு காட்ட வேண்டும். அன்பு காட்டப் பிள்ளைகள் வேண்டும். படிப்பும் சோறும் கிடைக்கும் என்று சொன்னால் ஏழைத் தாய் அனுப்பிவிடுகிறாள். வந்தவர்களுக்கு முன்னால் பிள்ளைகள் ஆடிக் காட்ட வேண்டும், கட்டிப் பிடிக்க வேண்டும். பதினைந்து நாளில் அவர்கள் கண் கலங்க விடைபெறுகிறார்கள். அடுத்த கூட்டம் வருகிறது. அந்தப் பிள்ளைக்கோ ஒவ்வொரு மாதமும் ஒரு பிரிவு. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. வந்தவர்கள் நல்ல மனசோடு வந்தவர்கள். தங்கள் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் கிடைத்தது என்று ஊர் போய்ச் சொல்பவர்கள். அந்த அர்த்தத்தின் சுமை மறுபடியும் வேறொரு முதுகில். இமயத்தில் கூலிக்காரர் சுமந்ததை இங்கே ஒரு ஆறு வயதுப் பிள்ளை சுமக்கிறது.

கம்போடியாவுக்குப் போனவர்களுக்கும் நெய்யூருக்கு வந்தவருக்கும் என்ன வித்தியாசம் என்றால், மனசில் இல்லை. மனசை யார் அளப்பது? அவரிடம் கையில் ஒரு தொழில் இருந்தது. அந்த ஊரில் அது போதாமல் இருந்தது. அவர் தங்கினார். தங்குவது என்பது பெரிய விஷயம். தங்கியவனுக்குத்தான் தான் செய்த தவறு திரும்பி வந்து கதவைத் தட்டும். தைத்த வயிறு பிரிந்தால் அடுத்த வாரம் அதே நோயாளி அதே வரிசையில் நிற்பார். இரண்டு வாரத்தில் விமானம் ஏறியவருக்கு அது தெரியவே போவதில்லை. தர்மம் செய்கிறவன் தன் தர்மத்தின் விளைவுக்கு அகப்பட்டுக் கிடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். தனக்கு நிறைவு கிடைத்ததே, அதை என்ன செய்வது? நம் அன்னதர்மப் பந்தியைப் பாருங்கள். அரிசி கொடுத்தவரும் அதே வரிசையில் தரையில் உட்கார்ந்து அதே சோற்றை வாங்கிச் சாப்பிடுகிறார். அதைத் தானம் என்று சொல்லாமல் தர்மம் என்கிறோம். தானம் என்றால் மேலிருந்து கீழே இறங்குகிற கை கண்ணில் படும். பந்தியில் அப்படி ஒரு கை தெரிவதில்லை. அய்யாவையே பண்டாரம் என்று சொல்லி வணங்குகிறோம். எல்லாம் உடையவர் வாங்குகிறவரின் கோலத்தில் வந்தார். இதை நெஞ்சில் வைத்துப் பார்த்தால் நெய்யூர்க் கணக்கு வேறு மாதிரி விழும். வரிசையில் நின்றவர்களுக்கு அவர் கொடுத்தது சிகிச்சை. அவர்கள் அவருக்குக் கொடுத்தது, போரும் மலையும் கொடுக்காத ஒன்று. அப்படியானால் கடன்பட்டவர் யார்? நிறைவு கிடைத்தது என்று சொல்கிற ஒவ்வொரு தொண்டரும் உண்மையில், நான் வாங்கினேன் என்றுதான் சொல்கிறார். வாங்கியவனுக்கு உரிய பணிவு வந்துவிட்டால் அந்த நிறைவில் பிழையே இல்லை. வராவிட்டால், கொடுத்தவன் என்ற கர்வத்தையும் வாங்கியவன் என்ற லாபத்தையும் ஒரே ஆள் எடுத்துக்கொண்டது போல ஆகும்.

பக்கத்து வீட்டுக் கஞ்சியா, கடல் கடந்த தொண்டா என்ற பெரியவரின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் அன்று ஏழைகள் இருந்தார்கள்; சோமர்வெல் அவர்களை விட்டுத்தான் வந்தார். அது சரியா என்று கேட்டால், அங்கே அவர் இல்லாவிட்டால் வேறொரு மருத்துவர் இருந்தார், நெய்யூரில் இல்லை என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியாது. இந்தக் கணக்கைப் புறப்படுகிற ஒவ்வொருவரும் தனக்குத் தானே போட்டுப் பார்க்கலாம். நம் செவிலியப் பெண் ஒருத்தி போகிற இடத்தில் அவள் கைத்தொழில் தெரிந்தவர் இல்லை என்றால் போகட்டும். வெறுமனே செங்கல் அடுக்கவும் சுவருக்கு வண்ணம் பூசவும் என்றால், விமானச் சீட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் அந்த ஊர்க் கொத்தனார் பல பேருக்குக் கூலி கொடுத்துவிடலாமே. கொத்தனாரின் பிழைப்பைப் பறித்துவிட்டு அதற்குத் தொண்டு என்று பெயர் வைக்க வேண்டாம்.

ஏற்கனவே கடல் கடந்து இருப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் குறை. வளைகுடாவில் தொழிலாளர் முகாமில், ஓர் அறையில் அடுக்குக் கட்டில் போட்டுப் படுக்கிற நம் பிள்ளைகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் வங்காளதேசத்துக்காரர் இருக்கிறார், நேபாளத்துக்காரர் இருக்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால், சம்பளம் நின்றுபோனால், பாஸ்போர்ட் முதலாளி கையில் மாட்டிக்கொண்டால், பாஷை தெரியாமல் விழிக்கிறார். கூட ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்க ஒருவர் வேண்டும். தூதரகத்துக்கு மனு எழுத ஒருவர் வேண்டும். ஒருவர் அங்கேயே இறந்துபோனால், உடலை ஊருக்கு அனுப்பக் காகிதம் காகிதமாக அலைய வேண்டியிருக்கிறது. அறைக்காரர்கள் தங்கள் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தக் குடும்பத்துக்கு அனுப்புகிறார்கள். இதைச் செய்கிறவர்கள் ஊருக்கு வந்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. தொண்டு செய்ய எந்த நாட்டுக்குப் போகலாம் என்று திண்ணையில் கேட்கிற பிள்ளையே சில நேரம் இந்த வேலையைச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. அது தர்மம் என்று அதற்குத் தெரிவதில்லை, யாரும் சொல்லிக் கொடுக்காததால்.

சோமர்வெல் நெய்யூருக்குப் பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961 வரை அறுவை சிகிச்சை கற்பித்தார். அதற்குள் நாடு விடுதலை பெற்று, நெய்யூர் இருக்கிற நம் மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டோடு சேர்ந்தும் விட்டது. அறுவைக் கத்தியை வைத்துக்கொண்டு தானே கடைசிவரை நிற்காமல், இந்த நாட்டுப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்துப் பழக்கினார். தன் நிறைவுக்காக மட்டும் வந்தவராக இருந்தால் இந்த இடத்தில் அவருக்கு வலித்திருக்கும். தான் தேவைப்படாத நாளை நோக்கி வேலை செய்வது அப்படிப்பட்டவருக்கு லேசான காரியம் இல்லை. பிறகு ஊர் திரும்பி, 1975இல் இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் கண் மூடினார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் வரிசை இன்றும் நிற்கிறது. உள்ளே இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இந்த ஊர் மருத்துவர்கள்.